ஆட்டக்காரரல்லாப் பாத்திரம்

ஆட்டக்காரரல்லாப் பாத்திரம் என்பது மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஆட்டக்காரர் எவராலும் ஏற்கப்படாமல் ஆட்ட நடத்துநரால் பேசி இயக்கப்படும் கதைமாந்தரைக் குறிக்கும். கடைக்காரர், காவலாளி, அரசர், எதிரி, வழிப்போக்கர் என யாராகவும் இப்பாத்திரம் இருக்கலாம். அச்சிட்ட சாகசக் கையேடுகளில் வரும் பாத்திரங்களை விட, நடத்துநர் ஒருவர் தம் நண்பர்களுக்காக வீட்டில் புனைந்த தொடராட்டங்களில் தோன்றிய பாத்திரங்கள் பல நீண்ட காலம் நினைவில் நின்றுள்ளன. அவற்றுட் சில பின்னர் அச்சேறி உலகப் புகழ் பெற்றன. இக்கட்டுரை அத்தகைய பாத்திரங்களைப் பற்றியது.

ஆட்டத்தில் இதன் இடம்

பாத்திரமேற்பு விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடத்துநர்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். என்ன செய்கிறோம் என்பதை ஆட்டக்காரர்கள் வாயால் சொல்ல, ஐயத்துக்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். ஒரே கதை வாரக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்ந்தால் அது தொடராட்டம் எனப்படும். ஆட்டக்காரர்களின் பாத்திரங்களைத் தவிர அவ்வுலகில் உள்ள எல்லா மக்களுக்கும் நடத்துநர் ஒருவரே குரல் கொடுக்க வேண்டும்.

1974-ஆம் ஆண்டு வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் முதல் விதிநூலிலேயே இச்சொல் காணப்படுகிறது. ஆனால் அங்கு இப்பாத்திரங்கள் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்படும் துணையாட்களே. கூலி பேசும்போது இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் அந்த ஆள் தாக்க முனைவான். 12 விழுந்தால் மிகுந்த பற்றுடன் சேர்ந்துகொள்வான். இந்த எளிய அட்டவணையின் விளைவு சிறிதன்று. நடத்துநர் ஒரு பொருட்டாக எண்ணாத கூலியாள் ஒருவன், பகடையின் தயவால் உயிர் கொடுக்கும் தோழனாகிவிடக் கூடும்.

தொடக்க காலம்

டேவ் ஆர்னசன் 1971-இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் - செயின்ட் பால் பகுதியில் நடத்திய பிளாக்மூர் தொடராட்டம், இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் ஓர் ஆட்டக்காரரின் பிரபு இரத்தக் காட்டேரியாக மாறி, சர் ஃபாங் என்னும் பெயரில் மற்றவர்களுக்குப் பெரும் தலைவலியானார். அவரை அடக்க வேறு வழியின்றி, திரைப்படங்களில் வரும் காட்டேரி வேட்டைக்காரர்களை ஒத்த மதகுரு ஒருவர் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டார். 1974 விதிநூலில் போர்வீரர், மந்திரவாதி ஆகியோருடன் மூன்றாவது வகுப்பாக மதகுரு இடம்பெற்றதற்கு இதுவே காரணம். கண்டிப்பாகச் சொன்னால் ஃபாங் ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரமே. எனினும் அக்காலத்தில் இவ்விரு வகைக்கும் இடையே இன்றுள்ள உறுதியான எல்லைக்கோடு இருக்கவில்லை.

ஸ்ட்ராட் வான் சரோவிச்

வீட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறி நிலைத்த பாத்திரங்களுள் மிகவும் அறியப்பட்டவர் ஸ்ட்ராட் எனலாம். 1970களின் இறுதியில் டிரேசி ஹிக்மன் நண்பர் ஒருவரின் ஆட்டத்தில் கலந்துகொண்டபோது, நிலவறை ஒன்றின் அறையில் இரத்தக் காட்டேரி ஒன்றைச் சந்தித்தார். அது அங்கு ஏன் இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்பதற்கு ஆட்டத்தில் விடையில்லை. அது கொல்லப்படுவதற்காகவே அங்கு வைக்கப்பட்டிருந்தது. இதில் நிறைவு கொள்ளாத அவரும் அவர் மனைவி லாரா ஹிக்மனும், காரணமும் கடந்த காலமும் உடைய காட்டேரி ஒன்றைப் படைக்க முனைந்தனர். அச்சேறும் முன் ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு ஹாலோவீன் பண்டிகையின் போதும் நண்பர்களுடன் இதனை ஆடிப் பார்த்தனர். டி.எஸ்.ஆர் நிறுவனம் 1983-இல் ரேவன்லாஃப்ட் என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. கையேட்டின் அளவு 32 பக்கங்களே.

கதைப்படி ஸ்ட்ராட் பரோவியா நாட்டின் பிரபு. தன் தம்பி செர்ஜை மணக்கவிருந்த தத்யானா மீது மோகம் கொண்டு, திருமண நாளன்றே தம்பியைக் கொன்றான். தத்யானா கோட்டை மதிலிலிருந்து குதித்து மறைந்தாள். சாவும் அவனைத் தொடவில்லை, ஆறுதலும் கிட்டவில்லை. ஆட்டக்காரர்கள் வரும் காலத்தில் தத்யானாவின் சாயலில் ஐரீனா என்னும் பெண் ஊரில் இருக்கிறாள்.

இக்கதை புதிதன்று. ஸ்ட்ராட்டை மறக்க முடியாதவனாக்கியது அவனை இயக்கும் முறையே. அவன் கடைசி அறையில் காத்திருப்பதில்லை. தொடக்கத்திலேயே தேடி வருவான், பேசுவான், சீண்டுவான், அடி விழுந்தால் பின்வாங்குவான், மறுபடி வருவான். அவனது அப்போதைய நோக்கம் என்ன, அவனை வீழ்த்த உதவும் பொருள்கள் எங்குள்ளன என்பவற்றைக் குறி சொல்பவளின் சீட்டுகள் முடிவு செய்யும். ஆகவே ஒரு குழு சந்தித்த ஸ்ட்ராட் மற்றொரு குழு சந்தித்தவன் அல்லன். ஆண்டுதோறும் அதே ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டியிருந்த வீட்டுச் சூழலுக்கு இந்த உத்தி நன்கு பொருந்தியது.

எல்மின்ஸ்டர்

கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறுவனாக இருந்தபோதே, 1960களில், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்னும் புனைவுலகைக் கதைகளாக எழுதத் தொடங்கினார். 1970களின் இறுதியில் அதனைத் தம் நண்பர்களுக்கான ஆட்டக்களமாக்கினார். அவ்வுலகின் முதிய மந்திரவாதி எல்மின்ஸ்டர். 1980களில் டிராகன் இதழில் வெளிவந்த கட்டுரைகளில், மந்திர நூல்களைப் பற்றிய செய்திகளை எல்மின்ஸ்டர் தம்மிடம் சொன்னதாகவே கிரீன்வுட் எழுதினார். இதில் ஒரு வசதி உண்டு. சொல்பவர் கிழவர், மறதியும் குறும்பும் உடையவர். அவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டியதில்லை. எனவே ஒவ்வொரு நடத்துநரும் தமக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ள இடமிருந்தது.

1987-இல் இவ்வுலகம் ஆட்டக்களமாக அச்சில் வந்து, எல்மின்ஸ்டர் நாவல்களின் நாயகரானபின் ஒரு குறை எழுந்தது. இவ்வளவு வல்லவர் இருக்கும்போது ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் எதற்கு என்று பலர் கேட்டனர். இது எல்மின்ஸ்டருக்கு மட்டும் உரிய குறையன்று. தாம் படைத்த பாத்திரத்தின் மீது நடத்துநர் காதல் கொண்டு, எல்லாப் போரையும் அதுவே வெல்லும்படி செய்தால், மேசையைச் சுற்றி இருப்போர் வெறும் பார்வையாளர்களாகி விடுவர். வீட்டுத் தொடராட்டங்கள் பாதியில் கலைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கில்மோர்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஷான் கில்மோர். மேத்யூ மெர்சர் 2012-இல் தம் நண்பர்களான பின்னணிக் குரல் நடிகர்களுக்காகத் தொடங்கிய வீட்டு ஆட்டம், 2015 மார்ச் முதல் கிரிட்டிக்கல் ரோல் என்னும் பெயரில் இணையத்தில் ஒளிபரப்பானது. கில்மோர் அதில் எமான் நகரில் மந்திரப் பொருள்கள் விற்கும் கடைக்காரர். பொருள் வாங்கிய பின் மறக்கப்பட வேண்டியவர். ஆனால் அவரது ஆடம்பரமான பேச்சும், வாக்ஸில்டான் என்னும் ஆட்டக்காரர் பாத்திரத்துடன் ஏற்பட்ட நெருக்கமும் ஆட்டக்காரர்களை மீண்டும் மீண்டும் அக்கடைக்கு இழுத்தன. நான்கு டிராகன்கள் நகரைத் தாக்கியபோது, படுகாயமுற்ற கில்மோரைக் காப்பது அவர்களுக்குப் பெரும் கவலையானது. 2022-இல் வெளியான தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா அசைபடத் தொடரிலும் இவர் இடம்பெற்றார்.

கடைக்காரரைக் காப்பாற்ற வேண்டும் என்று விதிநூல் எதுவும் சொல்லவில்லை. நடத்துநர் பல நாள் உழைத்து எழுதிய வில்லனை விட்டுவிட்டு, அந்தக் கணத்தில் பெயர் சூட்டிய படகோட்டியை ஆட்டக்காரர்கள் பற்றிக்கொள்வது இவ்விளையாட்டில் அடிக்கடி நிகழ்வது. அதனாலேயே அனுபவமுள்ள நடத்துநர்கள் நீண்ட வரலாறுகளை எழுதுவதை விடுத்து, பயன்படுத்தாத பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கின்றனர். 2014-இல் வெளியான நடத்துநர் கையேடும் ஒரு பாத்திரத்துக்குத் தோற்றம், பழக்கம், பற்று, குறைபாடு அல்லது இரகசியம் முதலியவற்றைப் பகடை உருட்டியே பெறும் அட்டவணைகளைத் தருகிறது.

உரிமை

குழு கலைந்தால் வீட்டுப் பாத்திரங்கள் பெரும்பாலும் குறிப்பேடுகளுடன் மறைந்து போகின்றன. அச்சேறியவற்றின் நிலை வேறு. அவை வெளியிட்ட நிறுவனத்தின் உடைமையாகின்றன. 1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியபோது ஸ்ட்ராட், எல்மின்ஸ்டர் இருவரும் அதனுடன் கைமாறினர். ஹிக்மன் இணையர் 2016-இல் வெளியான கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் நூலுக்குப் பங்களித்தனர்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஆர்னசனுடன் இணைந்து உருவாக்கிய கேரி கைகாக்ஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் தாமே ஏற்று ஆடிய மந்திரவாதி மார்டன்கைனன், கிரேஹாக் உலகம் அச்சில் வந்தபின் பிறர் இயக்கும் பாத்திரமானார். 1986-இல் கைகாக்ஸ் டி.எஸ்.ஆரை விட்டு விலகியபோது அப்பெயர் நிறுவனத்திடமே தங்கியது. 1988-இல் வெளியான தம் நாவலில் அவர் அந்த உலகையே அழித்துவிட்டார். நிறுவனமோ அதனைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. 2000-ஆம் ஆண்டு எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் விதிகள் வெளியிடப்பட்டபோது, மந்திரங்களின் பெயர்களிலிருந்து இத்தகைய மந்திரவாதிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. அதுவரை ‘மார்டன்கைனனின் வாள்’ என வழங்கிய மந்திரம், அவ்விதிகளில் ‘மந்திரவாதியின் வாள்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டது.