மனையும் மரமும்: சேலம், நாமக்கல் சமவெளியில் விலையாவணமும் கள்ளுரிமையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் தோட்டத்தோடு கூடிய வீட்டை விலைக்கு வாங்குவார்க்கு எழுதித் தரப்பெறும் ஆவணத்தில், நான்கெல்லை கூறி முடிந்தபின் ஒரு சிறு தொடர் வரும். மாவடை, மரவடை, கிணறு, தடம் ஆகியன உட்பட என்பது அத்தொடரின் கருத்து. எழுதுவோர் பழக்கத்தால் எழுதிச் செல்வர். வாங்குவோர், அளவையும் விலையையும் சரிபார்த்த கண்ணை இதன்மேல் நிறுத்துவதில்லை. ஆயினும், மண்ணின்மேல் நிற்கும் மரம் எவருடையது, அம்மரம் சுரக்கும் சாறு எவருடையது என்னும் நெடுங்கால வழக்கு ஒன்று இத்தொடருக்குள் மறைந்து கிடக்கிறது. அதனை ஆராய்தலே ஈண்டு எம் நோக்கமாகும்.

பிரெஞ்சு நாட்டின் போர்தோ போன்ற திராட்சை நிலங்களில் தோட்டத்தோடு வீடு வாங்குவோன், அரசின் வரிக்கும் விதிக்கும் உட்பட்டு, கொடியையும் கனியையும் அக்கனியால் ஆகும் மதுவையும் ஒருங்கே பெறுகிறான். நம் பனை நாட்டில் நிலைமை வேறு. வாங்கியவனுக்கு மண் கிடைத்தது. மண்ணோடு மரமும் கிடைத்தது. பாளையின் சாறு மட்டும் தனி உரிமையாக விலகியே நின்றது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்கு வந்தபோதுதான் கள்ளுரிமை நிலக்கிழாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது என்பதே எம் துணிபு. நிலக்கிழாரிடம் இல்லாத ஒன்றை அவரிடமிருந்து பறித்தல் இயலாது. அவ்வாண்டில் உண்மையாக இழந்தவர் வேறொருவர். அவர் பெயர் எந்த விலையாவணத்திலும் இல்லை.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். 1997 சனவரி 1ஆம் நாள் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இப்பகுதி முழுதும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. 1965 வரையில் தருமபுரியும் அதனுள் அடங்கியதே. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் வாய்க்காற் பாசனத்தால் தென்னை செழித்தது. வானம் பார்த்த இராசிபுரம், திருச்செங்கோட்டு மேட்டு நிலங்களில் வரப்புதோறும் பனை நின்றது. ஓடைக்கரைகளில் ஈச்சை தானே முளைத்தது. ஆக, மூவகை மரமும் கள் தரும் மரங்களே. கொங்கு உழவர் ஊருக்குள் கூடி வாழ்வதோடு, தோட்டத்து நடுவே சாளை அமைத்து வாழும் வழக்கமும் உடையவர். அச்சாளையின் கைமரம் பனை, கூரை பனையோலை, வேலிக்கு வரிந்தது பனைமட்டை, நிலத்தின் எல்லையைக் காட்டி நின்றதும் பனையே. எனவே இவ்வட்டாரத்தில் மனையும் மரமும் ஒன்றையொன்று சார்ந்தன. மரத்தை விடுத்து மனையை மட்டும் விலை பேசுதல் பழங்காலத்தார் எண்ணத்தில் எழுந்திருக்க முடியாது.

கள்ளைப் பற்றிய சங்க இலக்கியச் சான்றுகளை இங்கு விரிப்பின் பெருகும். தகடூர் அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலை (புறம் 235), அவன் கள்ளைப் பகுத்துண்ட பண்பைச் சொல்லியே தொடங்குகிறது என்பதை மட்டும் சுட்டுகிறோம். அத்தகடூர் இன்றைய தருமபுரியே. கள் அக்காலத்தில் பகுத்துண்ணும் பொருளாக இருந்தது. அது வரிக்குரிய பொருளாகப் பதிவு பெற்றதைக் காணச் செப்பேடுகளுக்கு வரவேண்டும்.

பல்லவர் செப்பேடுகளில், கொடை ஊருக்கு விலக்கப்பட்ட வரிகளுள் ஈழம்பூட்சி என்பதும் ஒன்று. கள் இறக்குவோர்மேல் விதித்த வரி அது என்பர் அறிஞர். நந்திவர்ம பல்லவமல்லனின் காசாக்குடிச் செப்பேடு இதற்குச் சான்று. பிற்காலத்துச் சோழர் செப்பேடுகளில் செய்தி இன்னும் தெளிவாகிறது. முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், கொடை ஊரார் பெறும் உரிமைகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், ஆனால் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறுதல் கூடாது. வீடு கட்டும் உரிமையும் மரம் ஏறுவதற்குரிய தடையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்றல் எம் கருத்துக்குப் பெரிதும் துணையாகிறது. கொங்கும் பத்தாம் நூற்றாண்டில் சோழராட்சிக்கு உட்பட்டதாகலின் இவ்வாட்சிமுறை இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று.

இத்தடைக்குப் பொருள் யாது? குலத்தின் அடிப்படையில் எழுந்த தீட்டுணர்ச்சியே காரணம் என்பார் சிலர். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. ஆயினும், பழையனூர் வெள்ளான்வகை ஊராக்கப்பட்டே கோயிலுக்குத் தரப்பட்டது. தீட்டு ஒன்றே காரணமாயின், உரிமைப் பட்டியலில் இச்செய்தி இடம்பெற வேண்டிய தேவை என்ன? ஈழம்பூட்சி அரசிறைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டதையும் உடன்வைத்து நோக்கின் வேறொரு விளக்கம் போதரும். கள் இறக்கும் உரிமை அரசனுடையது. அவ்வுரிமை பெற்றவர் எவர் நிலத்து மரத்திலும் ஏறலாம். கொடை ஊருக்கு மட்டும் அரசன் அதனை விலக்கித் தருகிறான். அங்ஙனமாயின், விலக்குப் பெறாத ஏனைய ஊர்களில், நிலத்துக்குரியவன் தன் மரத்தின் சாற்றுக்கு உரியவனாக இருந்திலன் என்பது பெறப்படும். யாம் இவ்விளக்கத்தையே தழுவுகிறோம்.

இனி ஆவணச் சொற்களுக்கு வருவோம். மரவடை என்னும் சொல் இருபொருள் உடையது. நிலத்தில் நிற்கும் பயன்மரங்கள் என்பது ஒன்று; அம்மரங்களுக்குரிய வரி என்பது மற்றொன்று. உரிமையையும் வரியையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், அவை இரண்டும் பிரியாதவை என்று உணர்ந்திருந்தனர் போலும். விசயநகர காலந்தொட்டு ஆவணங்களில் பயிலும் அட்டபோகப் பட்டியலும் கருதத்தக்கது. நிதி, நிட்சேபம், சலம், பாசாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என எட்டு அனுபவங்களை அது எண்ணும். புதையலும் நீரும் கல்லும் வரும் இவ்வெட்டில் மரத்துக்குத் தனியிடம் இல்லை. தமிழ் ஆவணம் எழுதியோர் பலர் அக்குறையைப் பொறாராய்த் தரு என்பதையும் சேர்த்து எழுதினர். வடமொழி வாய்பாட்டுக்குள் தமிழ் நாட்டு உழவன் தன் மரத்தைக் கொணர்ந்து நட்டுவிட்டான் என்று இதனைக் கொள்ளலாம்.

மரமும் மண்ணும் சட்டத்தால் பிரிக்கப்படக் கூடியன என்பதற்கு மரப்பட்டா மற்றொரு சான்று. வருவாய்த் துறையார் 2சி பட்டா என வழங்கும் இதன்படி, புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பயனை ஒருவர் நுகரலாம். நிலம் அவருடையது ஆகாது. மண்ணிலிருந்து மரத்தைப் பிரிக்க முடியுமாயின், மரத்திலிருந்து சாற்றைப் பிரிப்பதில் என்ன தடை? ஆங்கிலேயர் ஆட்சி அதனைத்தான் செய்தது.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தன. கர்னல் ரீடும் அவர்க்குத் துணைவராக இருந்த மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். பின்னர் நிலையான தீர்வை முறையால் ஊர்கள் மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. இம்மாற்றங்களால் நிலம் கைமாறியதே அன்றிக் கள்வருவாய் நிலத்தோடு செல்லவில்லை. அது தனியே குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்கு வந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், மண்ணில் வேரூன்றிய மரம் நிலத்தோடு சேர்ந்து மாறும் என்று வகுத்தது. நான்காண்டு கழித்து, 1886இல், சென்னை மாகாணத்து ஆப்காரிச் சட்டம் வந்தது. தென்னை, பனை, ஈச்சை முதலியவற்றினின்று இறக்கும் சாறு, புளித்ததாயினும் புளியாததாயினும், கள்ளே என்பது அச்சட்டத்தின் வரையறை. உரிமம் இன்றி அதனை இறக்குதல் குற்றம். ஒரு சட்டம் மரத்தை வாங்கியவனுக்குக் கொடுத்தது. மற்றொரு சட்டம் மரத்துள் ஊறுவதைத் தன்பால் வைத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுத்தில என்பதே வியப்பு.

மரவரி முறை வந்தபின் கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் இடப்பட்டது. அந்த எண்ணுள்ள மரம் ஒன்றில் நால்வர்க்குப் பங்கு இருந்தது. அரசுக்கு மரவரி, கடை எடுத்தவர்க்கு விற்பனை ஊதியம், மரத்துக்குரியவர்க்கு மரவாடகை, மரமேறிக்குக் கூலி அல்லது சாற்றில் ஒரு பகுதி. தோட்டமும் சாளையும் வாங்கியவர் இவற்றுள் மூன்றாவதையே விலைக்குப் பெற்றார். எனவே அக்காலத்து விலைபேசும்போது, எத்தனை பனை உண்டு, அவற்றுள் பாளை விடும் பருவம் எய்தியன எத்தனை என்று எண்ணுதல் பொருளுடைய செயலாகவே இருந்திருக்கும். மரமேறியோ எதனையும் விலைக்கு வாங்கியவர் அல்லர். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவிக் கலயம் மாற்றும் அவருடைய கைத்திறன் இன்றேல், மற்ற மூவர்க்கும் அம்மரம் வெறும் தூணே. எனினும் நிலம் கைமாறும்போது அவர் நிலை என்னாகும் என்று கேட்ட ஆவணம் ஒன்றையும் யாம் கண்டிலம்.

இந்நிலையில்தான் 1937 வந்தது. அவ்வாண்டு சூலையில் சென்னை மாகாண முதலமைச்சரான இராசாசி, இம்மாவட்டத்தவர். ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர்; சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்; 1925இல் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் அமைத்து, விமோசனம் என்னும் இதழ்வழி மதுவின் கேட்டைப் பரப்பியவர். 1937 அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்குச் சேலம் மாவட்டத்திலேயே முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. அரசுக்கு மாற்று வழி கிடைத்துவிட்டது என்க. மரத்துக்குரியவர் வாடகையை இழந்தாலும், ஓலையும் மட்டையும் நுங்கும் மரமும் அவரிடமே இருந்தன. மரமேறிக்கு எஞ்சியது, உரிமம் பெற்றுச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் மட்டுமே. கொங்கு மக்கள் அதனைத் தெளுவு என்பர். தெளுவைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்க விறகு வேண்டும். அடுப்படியில் நெடுநேரம் பெண்கள் நிற்க வேண்டும். விலையோ கள்ளின் விலை அன்று. குடியால் அழிந்த குடும்பங்கள் மீண்டன என்னும் செய்தியை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. அப்பயனின் விலையைச் செலுத்தியவர் எவர் என்பதையே சுட்டுகிறோம்.

பிரெஞ்சு நாட்டு வழக்கு ஒன்று இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அந்நாட்டுச் சிற்றூர்களில், தன் தோட்டத்துக் கனியை வடித்துக் குறிப்பிட்ட அளவு வரை வரியின்றி நுகரும் சலுகை நெடுங்காலம் இருந்தது. 1960இல் அந்நாட்டரசு, அச்சலுகை அப்போது உடையவரோடும் அவருக்குப் பின் அவர் வாழ்க்கைத் துணையோடும் முடியும், மக்களுக்குச் செல்லாது என விதித்தது. அதன்பின் தோட்டத்தை வாங்கியவனுக்குக் கனி கிடைத்தது, விலக்குக் கிடைக்கவில்லை. சாற்றின்மேல் அரசு கண்வைத்தல் எங்கும் உள்ளதே. ஆனால் அங்குச் சலுகை பெற்றிருந்தவன் பெயர் ஏட்டில் இருந்தது. அவன் வாழ்நாள் வரை அது மதிக்கப்பட்டது. சேலத்து மரமேறிக்கு அவ்வளவும் இல்லை.

பின்னைய வரலாறு பலரும் அறிந்தது. போர்க்காலத்தில் கைவிடப்பட்ட மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்து 1974இல் மீண்டது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987 சனவரி 1ஆம் நாள் கள்ளுக்கு மறுபடியும் தடை வந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளில் புட்டி மதுவை விற்கலாயிற்று. பனையின் கள்ளுக்கு அங்கு இடமில்லை. ஒவ்வொரு தளர்வின்போதும் ஏறப் போனவர் தொகை முன்னினும் குறைந்தது. ஒரு தலைமுறை ஏறாது விட்டால் அடுத்த தலைமுறைக்கு அத்தொழில் வாராது என்பது வெளிப்படை.

இதற்கிடையே வாங்குவோரும் மாறினர். நெடுஞ்சாலைகளை ஒட்டி மேட்டு நிலங்கள் மனைப்பிரிவுகளாயின. பயிர்நிலத்தை வாங்கியவர் பனையை எண்ணினார். மனையை வாங்கியவர்க்குப் பனை இடையூறாயிற்று. செங்கற் சூளைக்கு விறகாகப் பனைகள் சென்றன. 2021 ஆகத்தில் தமிழக அரசு வேளாண்மைக்கென முதன்முதல் தனி நிதிநிலை அறிக்கை வைத்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சித் தலைவரின் இசைவு வேண்டும் என அறிவித்தது. அரசு முன்னர்த் தன்பால் வைத்துக்கொண்டது சாற்றை. இப்போது மரத்தின் வாழ்வும் சாவும் அதன் பார்வைக்குள் வந்துவிட்டன. மரத்தைக் காக்க இது வேண்டியதே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மரவடை உட்பட என எழுதி வாங்கியவர், தாம் வாங்கியது யாது என்று கேட்பின், ஆவணம் எழுதுவோர் விடை கூறுதல் எளிதன்று.

இவ்வாராய்ச்சி நிறைவு பெறப் பழைய விலையாவணங்களும் குத்தகைச் சீட்டுகளும் மரப்பட்டாக்களும் ஊர்தோறும் திரட்டப்படல் வேண்டும். அவை பெரும்பாலும் வீடுகளின் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு விலைபோகும்போது பழுப்பேறிய தாள் என்று எறியப்படுகின்றன. இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வட்டங்களில் இப்பணியை முதலில் தொடங்கலாம். மரத்துக்கு எண்ணிட்ட காலத்து ஏடுகளைக் காணும்போது, ஏறியவர் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்பதை ஆராய்வோர் தனியே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.