குடிநுழைவும் முறையீடும்

பொருள்தேடிக் கடல்கடத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சென்றடைந்த நாட்டில் தங்கும் உரிமையை வழங்குவோர் யார், அது மறுக்கப்படின் யாரிடம் முறையிடுவது என்பனவே பிற்காலத்தில் எழுந்த வினாக்கள். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குதல் பயனுடைத்து.

ஆங்கிலேயர் ஆட்சியில் நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் வந்திறங்கிய தமிழர், பிரித்தானியப் பேரரசின் குடிகளாதலின் அயலாராகக் கருதப்பட்டிலர். 1933ஆம் ஆண்டின் அயலார் சட்டம் பெரிதும் சீனர் வருகையையே கட்டுப்படுத்திற்று. 1953 ஆகஸ்ட் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமோ தமிழரையும் தன்னுள் அடக்கியது. தக்க தொழில்திறனோ, இங்கு வாழ்வோருடன் குடும்பத் தொடர்போ உடையார்க்கே வாயில் திறந்தது. அதுவரை இயல்பாக இருந்த உரிமை, அனுமதித்தாளாகச் சுருங்கிற்று.

1957இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. எட்டாண்டு வாழ்ந்த அயல்நாட்டவரும் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அது வழிவகுத்தது. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழர் குடியுரிமை பெற வேண்டுமென வற்புறுத்தினார். எனினும், என்றேனும் ஊர் திரும்புவோம் என்றெண்ணிப் பதியாதிருந்தோரும் உண்டு. 1965க்குப் பின்னர்க் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. அவர்களுள் வேலையை இழந்தோர், வாழ்ந்த நாட்டையே இழக்க நேர்ந்தது. 1971இல் பிரித்தானியப் படைகள் வெளியேறியபோது, தளங்களில் உழைத்த தமிழர் பலர் தாயகம் திரும்பினர்.

இந்நாட்டில் குடிநுழைவுக்கெனத் தனி நீதிமன்றம் இல்லை. நுழைவை அனுமதிப்பதும் மறுப்பதும் கட்டுப்பாட்டு அதிகாரியின் பொறுப்பு; மேல்முறையீடு அமைச்சரிடம் செல்லும். சட்டம் விதித்த நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராய இயலும். இவ்வேறுபாட்டை 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரம் தெளிவாகக் காட்டிற்று. தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்ததையடுத்து அது மூண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 25 பேர் நீதிமன்றத்தில் வழக்கைச் சந்தித்தனர். வேறு 57 பேர் வழக்கு விசாரணையின்றியே தாயகம் அனுப்பப்பட்டனர். நாடு திருப்புதல் நிருவாக அதிகாரம் சார்ந்தது, அதற்கு நீதிமன்ற விசாரணை வேண்டுவதில்லை என்பது அரசின் விளக்கம். முறையான விசாரணை வேண்டுமென மனித உரிமை அமைப்புகள் வாதிட்டன.

தனி நீதிமன்றம் உள்ள நாட்டில் நிலை யாது? அமெரிக்காவில், வெளியேற்றப்பட வேண்டியவர் என அரசு கருதும் ஒருவர், பெரும்பாலும் குடிநுழைவு நீதிபதிமுன் தம் வழக்கை எடுத்துரைக்கலாம். தீர்ப்பு பாதகமாயின் 1940இல் அமைந்த மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். அதன்பின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகலாம். வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம், ஆனால் அதற்குரிய செலவை அரசு ஏற்பதில்லை. அந்நீதிபதிகளும் வாரியத்தினரும் நீதித்துறையின் சுதந்திர நடுவர்கள் அல்லர். அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர் வாரியத்தின் முடிவை மாற்றவும் வல்லவர். ஆகவே, நீதிமன்றம் என்ற பெயர் இருப்பினும், முதலிரு படிகளும் நிருவாகத்தின் கைக்குள்ளேயே அமைந்துள்ளன. மூன்றாம் படியில்தான் முழுச் சுதந்திரமுடைய நடுவர் முகம் காணக் கிடைக்கும்.

இரு நாட்டு முறைகளையும் ஒப்பிடுவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முறையீட்டுப் படிகள் எத்தனை என்பதினும், தீர்ப்போர் எவர்க்குக் கட்டுப்பட்டவர் என்பதே முதன்மையானது. வந்தேறியின் உரிமை பிறர் தரும் அனுமதியைச் சார்ந்து நிற்பது. குடிமகனின் உரிமையோ அத்தகையதன்று. அன்று சாரங்கபாணியார் குடியுரிமையை வற்புறுத்தியதன் அருமை இதனால் விளங்கும். தேக்காவின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், குடியுரிமை பெற்ற தமிழனும் அனுமதிச்சீட்டுடன் உழைக்கும் தமிழனும் தோளோடு தோள் உரசிச் செல்கின்றனர். இருவரும் பேசும் மொழி ஒன்று. சட்டத்தின்முன் அவர்கள் நிற்கும் இடம் வேறு. சமூக வரலாறு பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டையும் அதன் தோற்றத்தையும் அறிதல் கடன்.