சென்ற ஆண்டுப் பனி

1930ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் நடுவே, மேற்குக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், மூன்று ஜெர்மானியர் ஒரு குழிக்குள் வாழ்ந்தனர். ஆல்ஃபிரட் வேகனரின் ஆய்வுப் பயணம் அமைத்த அந்நிலையத்தின் பெயர் ஐஸ்மிட்டே. வரவேண்டிய குடில் வந்து சேராததால் பனியையே குடைந்து வீடாக்கிக்கொண்டனர். அவர்களைக் காண வந்த வேகனர், தம் ஐம்பதாம் பிறந்தநாளான நவம்பர் 1 அன்று திரும்பிப் புறப்பட்டார். அவர் கரை சேரவில்லை என்பது மறு ஆண்டு மே மாதம்வரை உள்ளிருந்தவர்களுக்குத் தெரியாது.

அம்மூவரில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஸோர்கே அக்காலத்தில் சுமார் 15 மீட்டர் ஆழம்வரை ஒரு கிணறு வெட்டினார். ஆழத்திற்கு ஏற்பப் பனியின் அடர்த்தி எவ்வாறு கூடுகிறது என்று அளந்து குறித்தார்.

பனி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுவது உண்மையில் பல பொருள்கள். புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட இராது. காலை வைத்தால் அமிழும். மேலே சுமை ஏற ஏற மணிகள் நகர்ந்து நெருங்குகின்றன. தொட்ட இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைகின்றன. ஏறத்தாழ 550 கிலோவுக்குமேல் நகர இடமில்லை. பிறகு மணிகளே உருமாறி இறுக வேண்டும். 830 கிலோவை எட்டும்போது காற்றுவழிகள் அடைபட்டு, குமிழிகள் சிறைப்படுகின்றன. அதன்பின் அது பனிக்கட்டி. இடைப்பட்ட நிலைக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ஃபிர்ன். 'சென்ற ஆண்டினது' என்பது அதன் பொருள். பெயரே அதன் வயதைச் சொல்லிவிடுகிறது.

வெப்பமும் பனிப்பொழிவும் மாறாத, உருகுதல் இல்லாத இடத்தில், ஒவ்வோர் அடுக்கும் புதைந்துகொண்டே போனாலும் குறிப்பிட்ட ஆழத்தின் அடர்த்தி காலத்தால் மாறுவதில்லை. இதற்கு 1954இல் 'ஸோர்கே விதி' என்று பெயரிட்டவர் ஸ்விஸ் அறிஞர் ஹென்றி பேடர்.

இவ்வறிவை நம்பி எழுந்ததுதான் அமெரிக்க ராணுவத்தின் கேம்ப் செஞ்சுரி. 1959இல் கிரீன்லாந்தின் வடமேற்கில் அதன் பணி தொடங்கியது. இயந்திரங்களால் அகழிகள் வெட்டி, வளைந்த தகடுகளால் மூடி, அரைத்த பனியை மேலே தூவினர். அரைபட்ட பனி விரைவில் இறுகிக் கூரையாயிற்று. அதனடியில் உறைவிடங்களும் ஓர் அணு உலையும் இயங்கின.

கூரையை உறுதியாக்கிய அதே இறுக்கம் நிற்கவில்லை. சட்டென்று அடித்தால் கல்லைப்போல் எதிர்க்கும் பனி, நீண்டகாலச் சுமைக்குப் பாகைப்போல் நெகிழ்ந்து இறங்கும். சுவர்கள் உள்வாங்கின, கூரைகள் தாழ்ந்தன. ஓயாமல் செதுக்கியும் பயனில்லை. உலை 1964இல் அகற்றப்பட்டது. 1967இல் தளமே கைவிடப்பட்டது.

எனினும் 1966இல் அங்கிருந்து துளையிட்டவர்கள் 1,387 மீட்டர் இறங்கி அடிநிலத்தைத் தொட்டனர். அவர்கள் எடுத்த பனித்தண்டில் ஒரு லட்சம் ஆண்டுத் தட்பவெப்பம் வரிசை குலையாமல் பதிந்திருந்தது. அந்நகரை நெரித்த எடைதான் அந்த ஏட்டையும் அடுக்கிக் கட்டி வைத்திருந்தது. பனியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. அழிவு, காப்பு என்று பிரித்துப் பெயரிடுவது நாம்தான்.