கீறலும் இறுவட்டும்

ஒலியைத் தட்டில் எழுதி வைக்கும் கலை தோன்றிய நாள் முதலாக அதற்குப் பகையாய் நின்றது கீறல். 1851இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பேர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் எழுந்த இசைத்தட்டுக்களில் ஒலியின் அசைவு மேற்பரப்பிலேயே சாலாக அமைந்தது. ஊசி அச்சால் வழியே ஊர்ந்து பாடலை மீட்டுத் தந்தது. எழுத்து மேற்பரப்பிலேயே இருந்தமையால், கீறல் விழுந்தவிடத்து எழுத்தே சிதைந்தது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிய இசைத்தட்டை அக்காலத்தார் நன்கறிவர். அதற்கு மருந்து இருக்கவில்லை.

பேர்லினர் 1898இல் தாம் பிறந்த ஹனோவரிலேயே இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை நிறுவினார். எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 ஓகஸ்ட் 17ஆம் நாள், அந்நகரை அடுத்த லாங்கன்ஹாகனில் விற்பனைக்குரிய முதல் இறுவட்டுக்கள் உருவாயின. ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானின் சோனி நிறுவனமும் கூடி வகுத்த தட்டு அது. அதை வகுத்தோர், கீறல் விழாத தட்டைச் செய்ய முயலவில்லை. கீறல் விழுந்தே தீரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதனைத் தாங்கும் ஏற்பாடுகள் இரண்டைச் செய்தனர்.

முதலாவது, எழுத்தை மேற்பரப்பிலிருந்து விலக்கியமை. இறுவட்டின் விட்டம் 120 மில்லிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். இத்தடிப்பின் பெரும்பகுதி பொலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். நுண்ணிய குழிகளாலாகிய எழுத்து அதன் மறுபுறத்தில் உள்ளது. அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சும், அதனைக் காக்கும் அரக்குப் பூச்சும் அமைகின்றன. கீழிருந்து வரும் லேசர் ஒளி பிளாஸ்டிக்கினுள் நுழையும்போது ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர் அகன்றிருந்து, எழுத்தை அடையும்போது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கினும் சிறுத்துவிடுகிறது. யன்னற் கண்ணாடியில் ஒட்டிய தூசி, வீதியை நோக்குபவன் கண்ணில் மங்கிப்போவது போல, சிறு கீறலும் அவ்வொளிக்கு மங்கிப்போகிறது.

இரண்டாவது ஏற்பாடு கணிதம் தந்தது. 1960இல், அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இர்விங் ரீட், குஸ்ரவ் சொலமன் என்னும் இருவர், சிதைந்த எண்களை மீட்கும் முறையொன்றைச் சிறு கட்டுரையாக வெளியிட்டனர். செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்து அழிந்தவிடத்து, யாப்பறிந்த புலவன் எதுகையையும் சீரையும் கொண்டு அதனை உய்த்துணர்வான். அதுபோலவே, இறுவட்டில் இசையின் எண்களோடு காவலெண்களும் எழுதப்படுகின்றன. அடுத்தடுத்து வரவேண்டியவை தூரத் தூரப் பிரித்து வைக்கப்படுவதால், ஒரு கீறல் எந்தவொரு தொகுதியையும் முற்றாக விழுங்குவதில்லை. தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் நீளம் அழிந்தாலும் இழந்தது முழுவதும் மீள்கிறது. அதற்கு மேற்பட்டால், கருவி அயலெண்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. அதுவும் இயலாதபோதே பாடல் தடுக்கி நிற்கிறது.

வீட்டு வைத்தியம் பலிப்பதற்கும் இவையே காரணம். கீறலெனத் தோன்றுவது பல வேளைகளில் அழுக்கே. எனவே முதலில் நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவுதல் வேண்டும். பின்னர் மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். எழுத்து வட்டமாகச் செல்வதால், அதனைக் குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே கெடுக்கும். வட்டத்தோடு ஓடும் கீறலோ நீண்டதொரு பகுதியை மறைத்துவிடும். பற்பசையை இட்டு அதே திசையில் மெல்லத் தேய்த்தால், அதிலுள்ள நுண்துகள்கள் கீறலின் கூரிய ஓரங்களை மழுங்கச் செய்யும்; ஒளி சிதறுவது குறையும். ஆழமற்ற கீறலுக்கே இது உதவும். நகப்பூச்சைக் கழுவும் அசிற்றோனோ தட்டையே வெண்மையாக்கிக் கெடுத்துவிடும்.

தட்டின் பெயர் அச்சிட்ட மேற்புறத்தை வலிய புறமெனப் பலர் எண்ணியது பெருந்தவறு. அங்கே எழுத்துக்கும் உலகுக்கும் இடையே உள்ளது அரக்குப் பூச்சு ஒன்றே. அது கிழிந்து அலுமினியம் உரிந்தால் ஒளியைத் திருப்பியனுப்ப எதுவுமில்லை. எந்தப் பசையும் அதனை மீட்காது. கூர்முனைப் பேனாவால் அப்புறத்தில் பெயரெழுதியே கெட்ட தட்டுக்கள் உண்டு.

கடையில் வாங்கிய பாடற்றட்டு கெட்டால் வேறொன்று கிடைக்கக்கூடும். 1990களிலிருந்து வீடுகளிலேயே பதிவுசெய்யப்பட்ட தட்டுக்கள் அத்தகையனவல்ல. மணவிழாவின் நாதஸ்வரமும், மறைந்த பாட்டியின் தாலாட்டும் உலகில் அந்த ஒரு தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். பற்பசை தேய்த்த தட்டு மீண்டும் பாடத் தொடங்கினால், அந்த வேளையிலேயே அதனைப் பிரதிசெய்து வைத்தல் அறிவுடைமை. அடுத்த கீறல் மேற்புறத்தில் விழாதென்பதற்கு உறுதியில்லை.