அஞ்சுநாட்டுக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து கோவைக்கு வான்வழியில் சுமார் 400 கி.மீ. விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் பீளமேட்டில் இறங்கிவிடும். அங்கிருந்து கேரள மலையிலுள்ள அஞ்சுநாட்டுக் காந்தலூர் நேர்கோட்டில் 90 கி.மீ.தான். அதுவே சாலையில் ஏறத்தாழ 130 கி.மீ. ஆகி, நான்கு மணி நேரத்தைக் கேட்கிறது. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையமும் நேர்கோட்டில் ஏறக்குறைய அதே தொலைவுதான். ஆனால் இடையில் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. மூணாறு சுற்றி 160 கி.மீ.க்கு மேல் வர வேண்டும்.

இந்தக் கணக்கு விமானத்தோடு பிறந்ததல்ல. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இங்குள்ள தமிழர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் கலக்கிறது. ஊர்க்காரர்களின் சந்தை வழியும் அந்தச் சரிவோடுதான் இறங்கியது. வண்டிப்பாதை வரும்வரை தலைச்சுமையும் பொதிமாடும்தான். சுமார் 5,000 அடி உயரத்திலிருந்து கால்நடையாக இறங்கினால்தான் உடுமலைச் சமவெளி.

பக்கத்து மூணாற்றில் கதை வேறு. தேயிலையை இறக்க வேண்டியிருந்ததால் அங்கே 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் போடி பக்கம் இறங்கின. எஸ்டேட்டுக்குக் கிடைத்த அந்த ரயில் அஞ்சுநாட்டை எட்டவேயில்லை. 1924 ஜூலை பெருவெள்ளம் ரயிலையும், ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. நேரியமங்கலம் பாலம் 1935-இல் திறந்த பிறகே மூணாற்றுக்கான மேற்கு வழி உறுதிப்பட்டது.

ஆகவே இங்கே தொலைவைச் சுருக்கியது சாலைதான், ஆகாயம் அல்ல. உடுமலையிலிருந்து சின்னாறு காடு வழியாக மறையூருக்கு நாற்பது கி.மீ. சொச்சம், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பதினைந்து கி.மீ.யில் காந்தலூர். பீளமேட்டில் 1940-இலும் நெடும்பாசேரியில் 1999-இலும் விமானங்கள் வந்திறங்கத் தொடங்கின. சென்னையும் மும்பையும் பக்கத்தில் வந்தன. ஆனால் உடுமலையிலிருந்து மலையேறும் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் ஓர் அங்குலமும் குறையவில்லை. சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் என்பதால் இரவில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மாலை விமானத்தில் வருகிறவர் உடுமலையிலோ கோவையிலோ தங்கிவிட்டு, காலையில் மலையேறுவதுதான் வழக்கம்.

1956 மாநில மறுசீரமைப்பின்போது அஞ்சுநாடு அடங்கிய தேவிகுளம் வட்டத்தையும் பீர்மேடு வட்டத்தையும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிப் போராட்டம் நடந்தது. இரண்டும் கேரளத்திலேயே நின்றன. அதனால் காந்தலூர்க்காரர் இடுக்கி மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்கு மூணாறு தாண்டி நூறு கி.மீ.க்கு மேல் போக வேண்டும். உடுமலையோ அதில் பாதித் தொலைவுதான்.

காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் காந்தலூரும் தேர்வானது. பூண்டு மூட்டையும், சுற்றுலாப் பயணியும், அவசர சிகிச்சைக்குப் போகும் நோயாளியும் மறையூருக்கு மேலுள்ள அதே வளைவுகளில்தான் எதிரும் புதிருமாக வருகிறார்கள். புதிய விமானச் சேவைகளைவிட அந்தப் பதினைந்து கி.மீ.யின் பராமரிப்பே இந்த ஊருக்கு முதல் தேவை.