ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட்
இதய நெஞ்சுவலி வராமல் தடுக்கும் நைட்ரேட் மாத்திரை. உடலில் நைட்ரிக் ஒக்சைட்டை விடுவித்து குருதி நாளங்களைத் தளர்த்தும். இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைய, அதன் வேலைப்பளுவும் குறைகிறது. வந்துவிட்ட வலிக்கு இது உதவாது. அதற்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரீ.என். (கிளிசரைல் ட்ரைநைட்ரேட்) மாத்திரையே வேண்டும். ஓய்வின்றி உட்கொண்டால் மருந்துக்கு உடல் பழகிவிடும். ஆகவே நாளில் பல மணிநேர இடைவெளி விடப்படும். தலைவலி சாதாரணம். ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாபிலுடன் சேர்ந்தால் குருதியமுக்கம் ஆபத்தாக வீழும்.

மாரடைப்புக்குப் பின் இது உயிர் காக்குமா? ஐசிஸ்-4 ஆய்வு (1995) இதை 58,050 பேரிடம் சோதித்தது, இறப்பு குறையவில்லை. இதயச் செயலிழப்பிலும் பயன் தெரியவில்லை: நீட்-எச்எப்பெப் ஆய்வில் (2015) இதை உட்கொண்ட, அந்நோயின் ஒரு வகையினரின் அன்றாட நடமாட்டம் கூடவில்லை, குறையவே முற்பட்டது.