கயிறு யார் கையில்?

தென்பாண்டிக் கடற்கரையில் முத்துக்குளித்து வாழ்ந்தவர்களைப் பற்றி நம் முதியோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்றுண்டு. கல்லின் எடையால் கடலடிக்கு இறங்குபவன், தன்னை மேலே இழுக்க வேண்டிய கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டே இறங்குவானாம். நண்பனுக்குக் கவனம் சிதறலாம். பங்காளிக்கு உள்ளத்தில் வேறு கணக்கு இருக்கலாம். மைத்துனனோ தன் உடன்பிறந்தாள் தாலியிழப்பதைப் பொறுக்கமாட்டான். கயிறு அசைந்த அளவிலே இழுத்துவிடுவான். இஃது ஆவணச் சான்றுடைய வரலாறு அன்று, வாய்மொழி வழக்கே. ஆயினும் அதனுள் ஓர் அரிய அளவுகோல் அடங்கியிருக்கிறது. நமக்குக் கேடு வந்தால் தானும் ஏதேனும் இழக்கக்கூடியவனே நம்பத்தக்கவன் என்பதே அது.

இவ்வளவுகோலை நான் எண்ணிப் பார்க்கக் காரணமானவர் என் பழைய மாணவர் ஒருவர். சபா மாநிலத்துச் சிப்பாடான் தீவருகே கடலில் மூழ்கிப் பழகிவரும் அவர், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என் இல்லம் வந்தார். புதிதாக ஒரு காற்றுச் சீராக்கி வாங்கவிருப்பதாகவும், இணையத்தில் அதைப் பற்றி நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் இருப்பதாகவும், அவற்றுள் எதை நம்புவதென்று தெரியவில்லை என்றும் கூறினார். "ஐயா, நீங்கள் வரலாறு கற்பித்தவர். சாட்சிகளை எடைபோடுவது எப்படி என்று வகுப்பில் சொன்னீர்களே!" என்றார். நீச்சலும் அறியாத எனக்கு அவ்வினா வியப்பளித்தது. ஆயினும் அவர் கூறியது சரியே. கருவியை நான் அறியேன். சாட்சியை எடைபோடுவது நம் பாடத்தின் உயிர்நாடி அன்றோ? ஆதலின் மூழ்குகருவிகளின் வரலாற்றையே புரட்டிப் பார்த்தேன். அவ்வரலாறு, கருவிகளின் வரலாறாக மட்டுமின்றி, நம்பிக்கையின் வரலாறாகவும் இருக்கக் கண்டேன்.

உடையை எடைபோட்ட படைத்தலைவர்

1782ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடுத்த கடலில் நங்கூரமிட்டிருந்த 'ராயல் ஜார்ஜ்' என்னும் போர்க்கப்பல் கவிழ்ந்தது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிற கப்பல்களுக்கு இடையூறாகக் கிடந்த அதன் உடலை வெடிமருந்தால் தகர்த்து அகற்றும் பணி, 1839ஆம் ஆண்டு சார்லஸ் பாஸ்லி என்னும் படைப்பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் மூழ்குவோர்க்கான உடை வகைகள் பல இருந்தன. அவற்றை ஆக்கியோர் யாவரும் தத்தம் படைப்பே சிறந்ததென்றனர். தன் மோரைப் புளித்த மோர் என்று எவளும் கூவி விற்பதில்லை!

பாஸ்லி அவர்தம் சொல்லை நம்பவில்லை. தம் ஆட்களை வெவ்வேறு உடைகளுடன் ஒரே கடலில், ஒரே பணிக்கு இறக்கிப் பார்த்தார். தலைக்கவசத்தின் அடிப்புறம் திறந்திருந்த பழைய உடையில், மூழ்குநர் குனிந்தாலோ இடறி விழுந்தாலோ நீர் உட்புகும். அகஸ்டஸ் சீப் என்பவர் ஆக்கிய உடையிலோ கவசமும் ஆடையும் நீர் புகாவண்ணம் இணைக்கப்பட்டிருந்தன. சீப்பின் உடையே சிறந்ததென்று பாஸ்லி பரிந்துரைத்தார். அதன் அடிப்படையில் அமைந்த உடை நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் வழங்கியது. ஒப்பிட்டுச் சோதித்தல், பணி நடக்கும் இடத்திலேயே சோதித்தல், விற்பனையால் ஊதியமில்லாத ஒருவர் சோதித்தல் ஆகிய மூன்றும் அங்குப் பொருந்தியிருந்தன.

ஆயினும் அந்நற்சாட்சியின் எல்லையையும் நாம் காணவேண்டும். அப்பணியில் ஈடுபட்ட மூழ்குநர் பலர் மூட்டுவலியால் துன்புற்றதாகக் குறிப்புண்டு. குளிரால் வந்த வாதநோய் என்றே அக்காலத்தார் எண்ணினர். நெடுநேரம் ஆழத்தில் இருந்தமையால் உடலிற் கரைந்த நைட்ரசன், மேலேறுகையில் குமிழியாக வெளிப்படுவதே அந்நோய்க்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே விளக்கியது. உடை நல்லதென்று பாஸ்லி கூறியது மெய். நல்ல உடையே மாந்தரை நெடுநேரம் ஆழத்தில் நிறுத்தி நோய்க்கு ஆளாக்கும் என்பதை அவர் அறியார். நேர்மையான சாட்சியும் தன் காலத்து அறிவுக்கு அப்பாற்பட்டதைக் கூறவியலாது.

ஒரு வெற்றி மெய்ப்பிப்பது எதனை?

இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றடியில் தோண்டப்பட்ட இரயில் சுரங்கப்பாதை 1879ஆம் ஆண்டு நீரூற்றொன்று உடைத்துக்கொண்டு புகுந்ததால் மூழ்கிற்று. உள்ளேயிருந்த இரும்புக் கதவொன்றை மூடினாலன்றி நீரை இறைத்தல் இயலாது. மேலிருந்து காற்றனுப்பும் நெடுங்குழாயை இருண்ட சுரங்கத்தில் இழுத்துச் செல்ல மூழ்குநரால் முடியவில்லை. அந்நிலையில் ஹென்றி புளூஸ் என்பவர் ஆக்கிய, உயிர்வளியை முதுகிற் சுமந்து செல்லும் கருவி கொணரப்பட்டது. 1880ஆம் ஆண்டு அலெக்சாண்டர் லாம்பர்ட் என்னும் மூழ்குநர் அதை அணிந்து, காரிருளில் ஏறத்தாழ 300 மீட்டர் தடவிச் சென்று கதவை மூடித் திரும்பினார்.

இதைவிடச் சிறந்த மதிப்புரை ஒரு கருவிக்கு வேண்டுமோ? ஆனால், அழுத்தம் மிகுந்த உயிர்வளி வலிப்பை உண்டாக்கும் என்று பால் பெர் விலங்குகளில் சோதித்து 1878ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். தூய உயிர்வளியை ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தல் கூடாதென்பதே இன்றைய பயிற்சி நெறி. லாம்பர்ட்டின் வெற்றி, அன்று அம்மனிதர் அவ்விடத்தில் பிழைத்தார் என்பதை மட்டுமே மெய்ப்பித்தது. யாவரும் எங்கும் பிழைப்பர் என்பதை அன்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, உயிர்வளிக் கருவியணிந்து கடலில் இறங்கிய பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ இருமுறை வலிப்புற்று, மயிரிழையில் தப்பினார்.

தோல்வியை மறைக்காத சாட்சி

இதற்கிடையில் சோதனை முறையே மாறத் தொடங்கியது. பிரிட்டிஷ் கடற்படையின் வேண்டுகோளின்படி ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர், ஆடுகளை அழுத்தக் கலத்தில் வைத்து ஆராய்ந்தார். பின்னர்க் கடற்படை மூழ்குநரைக் கொண்டும் சோதித்தார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர், எந்தெந்த ஆழத்தில் நின்று நின்று மேலேற வேண்டும் என்னும் அட்டவணையை 1908ஆம் ஆண்டு வெளியிட்டார். எத்தனை விலங்குகள் நோயுற்றன, எந்நிலையில் நோயுற்றன என்பதை மறைக்காது எழுதியதே அவ்வறிக்கையின் பெருமை.

கூஸ்தோவும் எமில் கன்யான் என்னும் பொறியாளரும் 1943ஆம் ஆண்டு ஆக்கிய சீராக்கியே இன்றைய ஸ்கூபாவின் தாய். மூழ்குநர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அவ்வாழத்து நீரழுத்தத்திற்கு இணையான அழுத்தத்தில் காற்றைத் தருவது அது. பாரிசு நகரருகே மார்ன் ஆற்றில் நிகழ்ந்த முதற்சோதனை முழு வெற்றி பெறவில்லை. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே வெளியேறியது. தலைகீழாகத் திரும்பினால் காற்று வரவில்லை. உட்காற்று வரும் இடமும் வெளிமூச்சுப் போகும் இடமும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தமையே காரணமென்று உணர்ந்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்தனர், குறை நீங்கிற்று. இச்செய்தியை உலகுக்குச் சொன்னவர் பகைவர் அல்லர். கூஸ்தோவே தம் நூலில் எழுதியுள்ளார்.

அதே குழுவைச் சேர்ந்த மொரிசு பார்க் என்பவர், அழுத்தக் காற்றைக் கொண்டு எவ்வளவு ஆழம் செல்லலாம் என்றறிய 1947ஆம் ஆண்டு இறங்கினார். கயிற்றில் ஆங்காங்கே கட்டிய பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே சென்றார். ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்துப் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. அவரோ உயிரற்ற உடலாகவே மேலே இழுக்கப்பட்டார். கருவியின் எல்லையை அறிவிக்க ஒரு மனிதர் கொடுத்த விலை அது. தம் தோழரின் மறைவை மறைத்து, 120 மீட்டர் சென்ற கருவி என்று அவர்கள் விளம்பரம் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமையால் அவர்தம் சொல்லுக்கு மதிப்புண்டாயிற்று.

புதுமை என்பது யாது?

போர் முடிந்தபின் ஸ்கூபா பொதுமக்களின் விளையாட்டாகியது, சந்தை பெருகிற்று, ஆண்டுதோறும் புதுமைகள் வந்தன. புதியன யாவும் முன்னேற்றமல்ல என்பதற்கு இரு சான்றுகள் போதும்.

1950களில் மூழ்குநர் பலரிடம், எஞ்சிய காற்றின் அளவைக் காட்டும் மானி இல்லை. கலத்தில் காற்றுக் குறைந்ததும் மூச்சிழுத்தல் கடினமாகும். உடனே முதுகுப்புறக் கம்பியை இழுத்துச் சேமிப்புக் காற்றைத் திறப்பர். அக்கம்பி எங்கேனும் இடிபட்டு முன்னரே திறந்துகொண்டிருப்பின், சேமிப்பு இல்லை என்பதை மூழ்குநர் கடைசி மூச்சிலேயே அறிவார். பின்னர் வந்த எளிய அழுத்தமானி, எஞ்சிய காற்றைக் கண்ணெதிரே காட்டியது. கவர்ச்சி ஒன்றுமில்லாத அந்தச் சிறு வட்டமே மெய்யான புதுமை. ஏனெனில் சாவுக்கான ஒரு வழியை அஃது அடைத்தது.

1959ஆம் ஆண்டு இத்தாலியில் தோன்றிய ஒரு மானியோ பெருங்கவர்ச்சி உடையது. நுண்துளைகள் கொண்ட பீங்கான் வழியே வாயு மெல்லக் கசிவதைக் கொண்டு, உடலில் நைட்ரசன் சேர்வதை அது காட்டுமாம். அட்டவணையைப் பார்க்கும் தொல்லை இல்லை என்று பலர் போற்றினர். ஆனால் நம் உடலில் குருதி, தசை, கொழுப்பு, மூட்டு ஆகியவை வெவ்வேறு வேகத்தில் வாயுவை ஏற்று விடுவன. ஒரே பீங்கான் அவையனைத்துக்கும் பேராளாக நிற்பது எங்ஙனம்? பட்டறிந்த மூழ்குநர், அதை நோய் தரும் இயந்திரம் என்னும் பொருள்பட ஏளனப் பெயரிட்டு அழைத்தனர்.

மின்னணுக் காலத்திலும் இக்கதை தொடர்ந்தது. உயிர்வளி செறிந்த காற்றைச் சுவாசிப்போர்க்கென 1990களில் விற்கப்பட்ட ஒருவகை மூழ்குநர் கணினி, மேலே வந்து படகில் ஓய்வெடுக்கும் வேளையிலும் அவர் அச்செறிகாற்றையே சுவாசிப்பதாகத் தவறாகக் கணக்கிட்டது. ஆகவே உடலில் எஞ்சிய நைட்ரசனைக் குறைத்துக் காட்டியது. 2003ஆம் ஆண்டில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. ஒருமுறை மட்டும் மூழ்கியவர்க்கு இக்குறை புலப்படாது. அதே நாளில் மீண்டும் மீண்டும் மூழ்குபவரையே அது தாக்கும். அதை வாங்கி ஒருமுறை மூழ்கி, நன்றாக உழைக்கிறது என்று எழுதியவர் பொய்யர் அல்லர். ஆயினும் அவர் சொல் பயனற்றது.

இன்றைய மதிப்புரைகள்

நடுநிலைச் சோதனைக்கு வழியில்லாமல் இல்லை. அமெரிக்கக் கப்பற்படை 1927ஆம் ஆண்டிலேயே இதற்கென ஆய்வுப் பிரிவொன்றை நிறுவியது. ஐரோப்பாவில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஈ.என். 250 என்னும் தரநெறி, சீராக்கியை மூச்சியந்திரத்தில் பூட்டி, 50 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்றை இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஏன் அத்தனை கடுமை? 40 மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. நீச்சற்குளத்தில் இனிதாக மூச்சுத் தரும் கருவி, ஆழத்தில் அஞ்சிப் பதறுபவனுக்குப் போதாது போகலாம். இயந்திரத்திற்கு நட்பும் இல்லை. விளம்பர வருவாயும் இல்லை.

இதழ்களின் நிலை வேறு. எவருடைய கருவியை மதிப்பிடுகிறதோ அவருடைய விளம்பரத்தாலேயே வாழும் இதழ், குறை கூறத் தயங்குதல் இயல்பு. இதை உணர்ந்தே, 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'அண்டர்கரண்ட்' என்னும் மூழ்குநர் மடல் விளம்பரத்தை ஏற்காது நடந்தது. இணையத்திலோ யாவரும் மதிப்புரை எழுதலாம். இலவசமாகக் கருவியைப் பெற்றவர், விற்பனையில் பங்கு பெறுபவர், கூலிக்கு எழுதுபவர் எல்லாரும் வாங்கியவரின் குரலிலேயே பேசுகின்றனர். போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024ஆம் ஆண்டு விதி இயற்ற வேண்டியதாயிற்று எனின், நோயின் பரப்பை நாம் உணரலாம்.

கூலி பெறாத நல்லவரும் பிழைபடுவர். பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர், தாம் ஏமாந்ததாக ஒப்ப விரும்பார். பலர் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகின்றனர். உப்புநீரும் தேய்மானமும் தம் வேலையைக் காட்ட ஆண்டுகள் ஆகும். இவற்றினும் கொடிய குறை ஒன்றுண்டு. கடலிலிருந்து மீண்டவரே எழுதுகின்றனர். மீளாதவர் மதிப்புரை எழுதுவதில்லை. வென்றோர் எழுதியதையே வரலாறென்று கொள்ளாதீர் என்று நாம் வகுப்பறையில் கூறுவது இங்கும் பொருந்தும்.

மாணவர்க்கு நான் கூறிய விடை

அம்மாணவரிடம் எந்தக் கருவியையும் நான் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு மதிப்புரையையும் நான்கு வினாக்களால் சோதிக்கச் சொன்னேன். எழுதியவர் எந்த ஆழத்தில், எத்தனை முறை, எத்தனை காலம் பயன்படுத்தினார்? எதனோடு ஒப்பிட்டார்? தாம் கண்ட குறையைச் சொன்னாரா? அவர் சொல் பொய்த்தால் இழப்பு அவருக்கா, உமக்கு மட்டுமா? பின்னர், தரச்சோதனையின் முடிவையும் திரும்பப் பெற்ற பொருள்களின் அறிவிப்பையும் பார்க்குமாறு கூறினேன்.

சில கிழமைகள் கழித்து அவர் வந்தார். நூற்றுக்கணக்கான மதிப்புரைகளுள் அந்நான்கு வினாக்களுக்கும் விடை தந்தவை ஐந்தோ ஆறோதாம் என்றார். இறுதியில், தம்மோடு ஒவ்வொரு முறையும் கடலில் இறங்கும் பயிற்றுநரிடமே கேட்டாராம். அவர் பழைய வகைச் சீராக்கி ஒன்றைக் காட்டி, "இதைப் பழுதுபார்க்க எனக்குத் தெரியும், இது நின்றால் என் காற்றைத்தான் நான் உனக்குப் பகிரவேண்டும்" என்றாராம். மாணவர் அதையே வாங்கினார். எனக்கு அம்முத்துக்குளிப்போர் கதை நினைவுக்கு வந்தது. மைத்துனனைக் கண்டுகொண்டார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்தல் முன்னது, நம்புதல் பின்னது. இவ்வரிசை மாறினால் அரசனுக்கு நாடு போகும். மூழ்குநனுக்கு உயிர் போகும். நம் மாணவர் எல்லாரும் கடலில் மூழ்கப் போவதில்லை. ஆயினும் சொற்கடலில் நாள்தோறும் மூழ்குகின்றனர். மருந்து, உணவு, கல்வி, செய்தி என அவர்கள் நம்பவேண்டியவை பல. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, 'கயிறு யார் கையில்?' என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டுவோமாயின், ஆசிரியராகிய நாம் நம் கடமையில் ஒரு பகுதியையேனும் செய்தவராவோம்.